கட்டில் கம்பியில் ஒரு முடிச்சு

பேசுகிறவரின் மனம் நோகாதபடி பேச்சை நிறுத்துவது எப்படி என்று செவிலியர் பயிற்சிப் பள்ளியில் லீலாவதிக்கு எவரும் கற்பிக்கவில்லை. ஊசி இறங்க வேண்டிய கோணத்தைக் கற்பித்தார்கள், கட்டுப் போடும் முறைகளைப் படம் வரைந்து காட்டினார்கள், “சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு சொல்லட்டா?” என்று தொடங்குகிற பேச்சு எந்த ஊர் எல்லையில் போய் முடியும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். உத்திரமேரூரை அடுத்த அந்தச் சிறிய அரசு மருத்துவமனைக்கு மாற்றலாகி வந்த பிறகு அந்தப் பாடத்தை அவள் தானே இயற்றிக்கொண்டாள்.

“அப்புறம்?” என்ற சொல்லை வாய் தவறியும் உச்சரிக்கலாகாது என்பது அப்பாடத்தின் முதல் விதி. அங்கே வந்து படுப்பவர்களில் பெரும்பாலோர் உழவர்கள். கட்டிலில் சாய்ந்துவிட்டால் அவர்களுடைய கை கால்களுக்கு வேலை இராது. அவ்வளவு வேலையும் நாவுக்கு வந்து சேர்ந்துவிடும். அவர்களிடம் “அப்புறம்?” என்று கேட்பது, நிரம்பிய ஏரியின் மதகைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்பதற்கு ஒப்பாகும்.

அடுத்தது முடிச்சு. காஞ்சிபுரத்தில் பட்டுத் தறியில் அமர்ந்திருக்கும்போது யாரேனும் அழைத்தால், அவள் தந்தை விட்ட இடத்தில் அடையாளமாக ஒரு நூலைக் கட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். திரும்பி வந்ததும் கண் தேடுமுன் கை அங்கே போய் நிற்கும். அதை நினைவில் கொண்டு, லீலாவதி தன் மேலங்கிப் பையில் புண்ணுக்குக் கட்டும் காஸ் துணிக் கிழிசல்கள் சிலவற்றை எப்போதும் வைத்திருப்பாள். பேச்சு நீளும்போது ஒரு கிழிசலை எடுத்துக் கட்டில் கம்பியில் முடிந்துவிட்டு, “கதை இங்க நிக்குது. நான் வந்து அவுக்கறவரைக்கும் வேற யாருக்கும் சொல்லிடாதீங்க. எனக்குத்தான் முதல்ல” என்பாள். தன் கதைக்கு ஒருத்தி இடம் பிடித்து வைத்திருக்கிறாள் என்ற பெருமையில் நோயாளி வாயை மூடிக்கொள்வார். பணி முடிந்து புறப்படுமுன் எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்து, மீதிக் கதைகளைக் காதில் வாங்கிக்கொண்டே போவாள். ஒரு முடிச்சையும் அவள் ஏமாற்றியதில்லை. ஆகையால் அந்த வார்டில் முடிச்சுக்கு ஒரு மரியாதை ஏற்பட்டிருந்தது.

சித்திரை மாதத்து அந்தத் திங்கட்கிழமை, விடியும்போதே வானம் மூட்டமாக இருந்தது. காற்று அசையவில்லை. உடன் பணிபுரியும் செவிலியர் விடுப்பில் இருந்தார். புறநோயாளிகள் வரிசை வேப்பமரத்து அடிவரை நீண்டிருந்தது. பிரசவ அறையிலோ முதல் பிரசவத்துக்கு வந்த சோபியா என்ற பெண் வலி எடுத்துக் கிடந்தாள்.

வார்டில் ஜன்னலோரக் கட்டில் பன்னீர்செல்வத்தினுடையது. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், மூச்சிரைப்புக்காக வந்திருந்தார். மூக்கிலும் வாயிலும் மருந்துப் புகை வரும் முகமூடியை மாட்டிவிட்டாலும், அதைத் தூக்கித் தூக்கிப் பேசுவார்.

“அண்ணே, மாஸ்க்க எடுக்காதீங்க. மருந்து வீணாப் போகுது.”

“வீணாப் போவல சிஸ்டர், காத்துல தானே போவுது. எல்லாரும் இஸ்துக்கட்டும். நான் இன்னா சொன்னேன்னா…”

லீலாவதி முடிச்சுப் போட்டாள்.

எதிர்க் கட்டிலில் காலில் சர்க்கரைப் புண்ணோடு சிட்டம்மாள் கிடந்தாள். அவளுடைய பேச்சுக்குப் பொருள் ஒன்றே: மருமகள் மோகனா.

“காலையில எய்ந்து ஒரு காப்பித்தண்ணி வெச்சிக் குடுக்கறாளாம்மா? போன நோண்டிக்கினு கீறா. இதுல எனக்குச் சக்கர போடக்கூடாதுன்னு டப்பாவ ஒளிச்சி வேற வெச்சிடறா. மாமியார்காரி ஒரு வாய் இனிப்பு துன்னா இவளுக்கு இன்னா பேஜாரு?”

“உங்க மருமகதான் பெரியம்மா உங்க கால காப்பாத்துது” என்று சொல்லிக்கொண்டே புண்ணைத் துடைத்து, கட்டுப் போட்டு, கட்டிய துணியிலேயே மிஞ்சியதைக் கிழித்துக் கம்பியிலும் முடிந்தாள்.

“தோ பார்றா, எனுக்கும் போட்டுட்டா!” என்று சிட்டம்மாள் பொக்கை வாயால் சிரித்தாள்.

அந்நேரம் பாஞ்சாலி தன் கணவன் தாமோதரனைத் தோளில் தாங்கியவாறு உள்ளே நுழைந்தாள். ஏரிப் பாசனத்தில் சொந்தக் கழனி வைத்துப் பயிரிடும் குடும்பம். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது. மற்றொரு கால் வெறுங்காலாக இருந்தது. அவ்வளவு வலியிலும் வாய் ஓயவில்லை.

“சிஸ்டரு, ஒரு ஊசி போட்டு அனுப்சிடு. அவசரமா போவணும். நெல்லு கொள்முதல் நெலையத்துல இன்னிக்கி என் டோக்கன் வந்துடும்.”

பாஞ்சாலி இடைமறித்தாள். “ஊசி அப்பறம் போடலாம், மொதல்ல கேளும்மா. நேத்து ராத்திரி இவுரு தங்கச்சி வூட்லேர்ந்து கருவாட்டுக் கொயம்பு வந்துச்சி. அண்ணனுக்குன்னு ஆசையா குடுத்தனுப்பிச்சா மகராசி. துன்னாரு. விடிகாலையிலேர்ந்து வவுறு முறுக்கிக்கினு கீது.”

“கொயம்பு நல்லாத்தான் இருந்துச்சி.”

“நல்லா இருந்துச்சின்னு நாலு தபா வாங்கி ஊத்திக்கினா வவுறு இன்னாத்துக்கு ஆவும்? நான் செஞ்சா ஒரு கரண்டிக்கு மேல எறங்காது!”

“நீ செய்யறதுல புளி ஜாஸ்தி.”

“கேட்டியாம்மா? சாவப் பொயக்கக் கெடக்குற நேரத்துலயும் என் கொயம்புல புளி!”

வார்டு முழுவதும் சிரித்தது. லீலாவதியும் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரத்த அழுத்தம் பார்த்தாள், காய்ச்சல் பார்த்தாள். இரண்டும் சரியாக இருந்தன. பிரசவ அறையிலிருந்து வெளியே வந்த மருத்துவர் பிரேம்நாத் வயிற்றை அழுத்திப் பார்த்தார். இரவு என்ன உணவு என்று கேட்டார். கருவாட்டுக் குழம்பின் வரலாற்றை இருவர் வாயாலும் கேட்டார். வயிற்றுப் புண்ணுக்கான ஊசியையும் குளுக்கோசையும் எழுதி, “கொஞ்ச நேரம் படுக்கட்டும், பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் சோபியாவிடம் விரைந்தார்.

லீலாவதி நரம்பைத் தேடி ஊசி ஏற்றும்போது தாமோதரன் தொடங்கினார்.

“வூட்ல படுத்து நாளாச்சி சிஸ்டரு. நெல்லு கொள்முதல்ல குமிஞ்சி கெடக்குது. மய வேற மூடிக்கினு வருது. வுட்டுட்டு வர முடியுமா? அங்கியே துன்னுட்டு அங்கியே படுத்துக்கிறது. நேத்து ராத்திரி ஒரு கூத்து நடந்துச்சி பாரு. நெல்லுக்குப் பக்கத்துல தார்ப்பாய விரிச்சிப் படுத்துக்கினு கீறேன். கண்ணு அசந்துச்சி. அப்பப் பாத்து…”

“சிஸ்டர்!” என்று பிரசவ அறையிலிருந்து மருத்துவரின் குரல் உரக்க எழுந்தது. குழந்தையின் தலை தெரியத் தொடங்கியிருந்தது.

லீலாவதி குளுக்கோசின் வேகத்தைச் சரிசெய்தாள். மறு கையால் ஒரு கிழிசலை எடுத்துக் கம்பியில் முடிந்தாள். “அண்ணே, தார்ப்பாய் மேல படுத்தீங்க, கண்ணு அசந்துச்சு. கதை இங்க நிக்குது. வந்து அவுக்கறேன்.”

தாமோதரன் புரியாமல் விழித்தார். பன்னீர்செல்வம் முகமூடியைத் தூக்கி அவருக்கு விதியை விளக்கினார். “அந்தம்மா வந்து அவுக்கற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. இங்க அதான் சட்டம்.”

“சரி, சட்டம்னா சட்டம்” என்றார் தாமோதரன், பெருமிதத்தோடு.

அவர் சட்டத்தை மிகவும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். “யோவ், ராத்திரி இன்னா கூத்து? என்னாண்ட சொல்லு” என்று பாஞ்சாலி நச்சரித்தபோதும் கம்பியைச் சுட்டிக் காட்டித் தலையை ஆட்டினார். “செருப்பு ஒண்ணு எங்க?” என்று கேட்டாள். அதற்கும் அவர் கம்பியையே காட்டினார். சற்று நேரத்தில் அவருடைய கண்ணிமைகள் தாழ்ந்தன.

“தூங்கறாரு. ராவெல்லாம் காவ காத்த ஆளு, தூங்கட்டும்” என்றார் பன்னீர்செல்வம்.

“கல்யாணமாயி இத்தினி வருசத்துல இவுரு இப்டி வாய மூடிக்கினு கீறத நான் பாத்ததே இல்ல. அந்தத் துணியில ஒரு மொழம் எனக்குக் குடுக்கச் சொல்லணும்” என்றாள் பாஞ்சாலி. சிட்டம்மாள் தனக்கும் ஒரு முழம் வேண்டும், மருமகளுக்கு என்றாள்.

பிரசவ அறையில் பெண் குழந்தை பிறந்து, வீறிட்டு அழுதது. லீலாவதி கைகளைக் கழுவிக்கொண்டு வார்டுக்குத் திரும்பியபோது முகத்தில் அந்த அழுகையின் மகிழ்ச்சி மீதமிருந்தது. பன்னீர்செல்வத்தின் முடிச்சை அவிழ்த்து அவர் பேச்சைப் பாதிவரை கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தவள், பக்கத்துக் கட்டில் மிகவும் அமைதியாக இருப்பதை உணர்ந்தாள். அது உறக்கத்தின் அமைதியாக அவளுக்குத் தோன்றவில்லை. உறங்குகிற மனிதரின் புருவங்கள் நெற்றிக்கு ஏறி நிற்பதில்லை. தாமோதரனுடைய புருவங்களோ, இறங்கிப்போன இமைகளைத் தூக்க முயல்வனபோல் மேலேறி நின்றன.

அவள் முடிச்சை விரைவாக அவிழ்த்தாள். “அண்ணே, அவுத்துட்டேன். சொல்லுங்க.”

“கண்ணு… தொறக்க மாட்டேங்குது சிஸ்டரு.” சொற்கள், வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குழைந்து வந்தன.

“பரவாயில்ல, கண்ண மூடிக்கினே சொல்லுங்க. தார்ப்பாய் மேல படுத்தீங்க.”

“படுத்… தேன். தோளாண்ட… சுருக்குன்னுச்சி. கட்டெறும்புன்னு… தட்டி வுட்டேன். அப்பால…”

அவள் அதற்குமேல் காத்திருக்கவில்லை. சட்டையை விலக்கித் தோளைப் பார்த்தாள். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. தேடிப் பார்த்தால் மட்டுமே புலப்படும்படி இரண்டு நுண்ணிய புள்ளிகள் அருகருகே இருந்தன.

“டாக்டர்!” அந்த வார்டில் அவள் குரலை உயர்த்தி அதுவரை எவரும் கேட்டதில்லை.

பிரேம்நாத் ஓடி வந்தார். இமைகளை விரலால் தூக்கிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு பற்களைத் தாண்டி வரவில்லை. “கட்டுவிரியன். தரையில படுத்தாரா? வயித்து வலி அதுலதான். நான் இதைக் கேட்டிருக்கணும்” என்று தம்மையே கடிந்துகொண்டவாறு விஷமுறிவு மருந்தைக் கலக்கத் தொடங்கினார். நூற்றெட்டு ஆம்புலன்ஸுக்குத் தொலைபேசி போயிற்று. மூச்சு நின்றால் கருவியில் வைக்கும் வசதி செங்கல்பட்டில்தான் இருந்தது.

பாஞ்சாலி குனிந்து அவர் தோளைப் பார்த்தாள். “பாம்பா? நான் என் நாத்தனார இல்ல வாயில வந்தபடி திட்டிக்கினு இருந்தேன்? ஐயோ, அந்தக் கொயம்பு மேல ஒரு குத்தமும் இல்லியா?”

மருந்து ஏறும்போது ஒவ்வாமை வருகிறதா என்று மருத்துவர் கவனிக்க வேண்டும். லீலாவதி அடுத்த புட்டிகளைக் கலக்க வேண்டும். தாமோதரனின் மூச்சு குறைகிறதா என்று இமைக்காமல் பார்த்திருக்க இன்னொருவர் இல்லை. லீலாவதி பன்னீர்செல்வத்தின் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, உங்க மருந்து முடிஞ்சுது. மாஸ்க்க எடுங்க. இப்ப நீங்க பேசணும். அவரையும் பேச வைக்கணும். ஒரே மூச்சுல அவரால எவ்ளோ சொல்ல முடியுதோ, அது குறைஞ்சா உடனே என்னைக் கூப்பிடணும். நிறுத்தவே கூடாது.”

பன்னீர்செல்வம் எழுந்து, லுங்கியை இறுக்கிக் கட்டி, அந்தக் கட்டிலின் தலைமாட்டில் போய் நின்றார். ஓடும் பேருந்தின் படிக்கட்டில் நிற்பவரைப்போல ஒரு கையால் குளுக்கோஸ் கம்பத்தைப் பற்றிக்கொண்டார்.

“தாமோதரா! செங்கல்பட்டு வண்டி கெளம்பிடுச்சி. ஸ்டாப்பிங் சொல்லு. எல்லாத்தையும் ஒரே மூச்சுல. உத்திரமேரூரு…”

“உத்… திரமேரூரு, நெல்வாயி, புக்கத்துறை, படாளம், பாலாத்துப் பாலம், செங்கல்பட்டு.”

“ரைட்டு! டிக்கெட் வாங்காத எறங்கப் பாக்கறியா? திரும்பி வா. மறுபடியும் சொல்லு.”

“உத்திரமேரூரு, நெல்வாயி, புக்கத்துறை, படாளம்…”

“சிஸ்டர், வண்டி படாளத்துல நின்னுடுச்சி!”

மருத்துவர் பிராணவாயுவைக் கூட்டினார். அடுத்த முறை புக்கத்துறையோடு நின்றது. பன்னீர்செல்வம் குளுக்கோஸ் கம்பத்தை இறுக்கிப் பிடித்தார். ஆனால் அவர் கேலியை விடவில்லை. “இன்னாப்பா இது, தாம்பரம் எக்ஸ்பிரசுன்னு நெனச்சா டவுன்பஸ்ஸா ஆயிட்ட? உம், சொல்லு.”

வெளியே இடி உருண்டது. தாமோதரன் கையை அசைத்து மனைவியை அழைத்தார். “நெல்லு… நனஞ்சிடும். நான்… செங்கல்பட்டு வரல. டோக்கன்…”

பாஞ்சாலி குனிந்து அவர் முகத்தைப் பற்றினாள். “தோ பாரு, நனஞ்சிட்டுப் போவுது. மொளச்சிட்டுப் போவுது. அடுத்த போகம் வெளையும். எனக்குன்னு கீறது நீ ஒண்டிதானே. ஏறுன்னா ஏறு. இல்ல, நானே தூக்கிப் போட்டுக்கினு போவேன்.” சொல்லும்போதே அவள் கண்கள் ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்து மீண்டன. அந்த நெல்லில் அவள் உழைப்பும் பாதி கிடந்தது.

அப்போது சிட்டம்மாள் தலையணைக்கு அடியிலிருந்து தன் கைப்பேசியை எடுத்தாள். “எந்தக் கொள்முதல்மா? ஏரிக்கரையாண்ட கீதே, அதானே? எங்க வூட்டுக்குப் பின்னாடிதான்.” காதில் வைத்துக் கத்தினாள். “மோகனா! சாப்ட்டியா? அது கெடக்குது, இத கேளு. தாமோதரன்னு ஒருத்தர் நெல்லு கொள்முதல்ல கீது. அவுர பாம்பு கட்ச்சிடுச்சி. நீ நாலு பொம்பளைங்கள இட்டுக்கினு போயி தார்ப்பாயப் போட்டு மூடு. டோக்கன் வந்தா நீயே நின்னு எட போடு. பாத்துப் போ, நீயும் கீழ எங்கியும் குந்தாத!” பின்பு பாஞ்சாலியை நோக்கி, “என் மருமவ போயிட்டா கவலையே பட வாணாம். அவகிட்ட ஒரு மணி நெல்லு குறையாது. கெட்டிக்காரி” என்றாள்.

காலை முழுவதும் அதே மருமகளைப் பற்றிய புகாரைக் கேட்டவர்கள் எவரும் அப்போது சிரிக்கவில்லை.

வண்டி வந்தது. தாமோதரனைத் தூக்குபடுக்கைக்கு மாற்றும்போது, முகத்தில் பிராணவாயுக் குழாயோடு அவர் கட்டில் கம்பியை நோக்கி விரலை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று லீலாவதிக்கு உடனே புரிந்தது. கதை முடியவில்லை. அவள் பையிலிருந்து கிழிசலை எடுத்து, அவர் காணுமாறு, அதே கம்பியில் இறுக்கி முடிந்தாள்.

“கட்டெறும்புன்னு தட்டி விட்டீங்க. அங்க நிக்குது. நீங்க வந்து உக்காந்தாத்தான் அவுப்பேன். வேற யார் கேட்டாலும் அவுக்க மாட்டேன்.”

மருத்துவரும் பாஞ்சாலியும் அதே வண்டியில் ஏறிக்கொண்டார்கள். முதல் துளிகள் விழத் தொடங்கின. வாசலில் நின்ற பன்னீர்செல்வம் அவ்வண்டியின் பின்கதவை இரண்டு தட்டுத் தட்டி, “போலாம் ரைட்!” என்றார். வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் உதடுகளுக்குள் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே நின்றார்.

அன்று லீலாவதி ஒரு முடிச்சை அவிழ்க்காமலே வீட்டுக்குப் போனாள். காஞ்சிபுரம் பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்திருந்தபோது, தான் பேச்சை நிறுத்திய இடம் அவள் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரு சொற்றொடர் கேட்டிருந்தால் போதும். ‘அப்பப் பாத்து’ என்றாரே. அங்கேயா முடிச்சுப் போடுவது?

மறுநாள் செங்கல்பட்டிலிருந்து பாஞ்சாலியின் குரல் வந்தது. வழியிலேயே மூச்சு நின்றுபோனதாம்; மருத்துவர் செயற்கை மூச்சுப் பையை அழுத்தி அழுத்திக் கொண்டுசேர்த்தாராம்; இப்போது கருவிதான் மூச்சு விடுகிறதாம். “பேச மாட்டேங்கறாரும்மா. விரல புடிச்சா அமுத்தறாரு. அவ்ளோதான்.” நெல்லைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. லீலாவதியே சொன்னாள்: நெல்லை நனையவிடாமல் மூடி, டோக்கன் வந்ததும் மோகனாவே நின்று எடை போட்டு முடித்துவிட்டாள் என்று. மறுமுனையில் பாஞ்சாலி அழுதாள்.

அந்தக் கட்டிலில் வேறு நோயாளிகள் வந்து படுத்தார்கள். விரிப்புகள் மாறின. துப்புரவுப் பணியாளர் அம்முலு கம்பியைத் துடைக்கும்போது அந்த முடிச்சை மட்டும் சுற்றித் துடைத்தாள். அதை அவிழ்க்கப் போன ஒரு புது நோயாளியின் கையைச் சிட்டம்மாள் தன் கட்டிலிலிருந்தே அதட்டி நிறுத்தினாள். “அத தொடாத! அந்த ஆளு உசுரோட வந்து அவுக்கணும்!” பன்னீர்செல்வம் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகும், மாத்திரை வாங்குகிற சாக்கில் வந்து அதை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். லீலாவதி மற்றக் கட்டில்களில் முடிச்சுப் போடத்தான் செய்தாள். ஆனால் இப்போதெல்லாம் பேசுகிறவர் ஒரு சொற்றொடரை முழுதாக முடித்த பின்னரே அவள் கை பைக்குப் போயிற்று.

வெயில் மறுபடியும் ஏறிய ஒரு காலையில், புறநோயாளிகள் வரிசை வேப்பமரத்தைத் தாண்டியிருந்த வேளையில், தாமோதரன் தாமே நடந்து வந்தார். மெலிந்திருந்தார், குரல் கம்மியிருந்தது. பாஞ்சாலி ஒரு தூக்குப் பாத்திரத்தோடு பின்னால் வந்தாள்.

“கருவாட்டுக் கொயம்பு. என் நாத்தனார் செஞ்சது. நானே கேட்டு வாங்கியாந்தேன்” என்றாள்.

தாமோதரன் நேரே அந்தக் கட்டிலுக்குப் போனார். அதில் படுத்திருந்தவர் காலை மடக்கி இடம் கொடுத்தார். பல நாள் அவிழ்க்கப்படாமல் இறுகிப்போன முடிச்சை அவிழ்க்க லீலாவதி நகத்தால் பாடுபட்டாள். கத்தரிக்கோல் பையிலேயே இருந்தும் அதை அவள் எடுக்கவில்லை. முடிச்சு நெகிழ்ந்தது.

“சுருக்குன்னுச்சா, தட்டி வுட்டேனா” என்று அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். “அதுல முயிப்பு வந்துடுச்சி. பாத்தா ஒரு நாயி. என் செருப்பு ஒண்ண கவ்விக்கினு ஓடுது சிஸ்டரு. புதுச் செருப்பு! வுடுவனா? நெல்லுக் குமிய சுத்திச் சுத்தித் தொரத்தறேன். அது வெளையாட்டுன்னு நெனச்சிக்கினு நின்னு நின்னு திரும்பிப் பாத்து ஓடுது…”

“இதானா?” என்று பாஞ்சாலி தலையில் அடித்துக்கொண்டாள். “இந்தச் செருப்புக் கதைக்கா மனுசன் வாயில கொயா போட்டிருக்கச் சொல்லயும் கையால கட்டிலு கட்டிலுன்னு காட்டிக்கினு கெடந்தாரு?”

சிட்டம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்முலு துடைப்பத்தை ஊன்றி நின்று சிரித்தாள். வரிசையிலிருந்து யாரோ, “சிஸ்டர், எவ்ளோ நேரம் நிக்கறது?” என்று குரல் கொடுத்தார்கள்.

“தோ, வந்துட்டேன்” என்றாள் லீலாவதி. பின்பு முக்காலியைக் காலால் இழுத்து, தாமோதரனின் எதிரே போட்டு, அதில் நன்றாக அமர்ந்தாள். அவிழ்த்த துணியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

“அப்புறம்?” என்றாள்.